ஒளிரும் சாயமும் துடிக்கும் இதயமும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் ஒரகடம் என்றோர் ஊர் உண்டு. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து அப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நாளில், அங்கே ஏரியும் வயலும் பனைமரங்களுமே கண்ணில் பட்டன. இன்று அச்சாலையின் இரு மருங்கிலும் ஆலைகள். மோட்டார் வண்டிகளும், அவற்றிற்கு வேண்டிய உறுப்புகளும், டயர்களும் அங்கே உருவாகின்றன. ஷிப்டு மாறும் வேளையில் ஆலைப் பேருந்துகள் வரிசையாக வருவதைப் பார்த்தால், ஓர் ஊரே இடம் பெயர்கிறதோ என்று தோன்றும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை அங்குள்ள ஆலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். வண்டி எஞ்சினுக்கு வேண்டிய அலுமினிய வார்ப்புகளைச் செய்யும் ஆலை அது. வார்ப்பில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓடும் வண்டியில் அது பெரிதாகி விபத்தை உண்டாக்கும். ஆகவே வார்ப்பை ஒருவகைச் சாயம் கலந்த எண்ணெயில் நனைக்கிறார்கள். எண்ணெய் விரிசலுக்குள் இறங்குவதற்குச் சற்று நேரம் விட்டு, மேற்பரப்பைக் கழுவி, வெண்ணிறப் பொடி ஒன்றைத் தூவுகிறார்கள். பிறகு இருட்டறைக்குக் கொண்டு சென்று, கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். விரிசல் இருக்கும் இடத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கோடு பளிச்சென்று ஒளிர்கிறது. பிள்ளைகள் வியப்பால் ஆரவாரம் செய்தனர்.

அங்கு வேலை செய்த ஒருவர், சோப்பு இட்டு நன்றாகக் கழுவிய தம் கையை அவ்விளக்கின் கீழ் நீட்டிக் காட்டினார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது. நகக்கண்களில் மட்டும் மெல்லிய பச்சை ஒளி தெரிந்தது. “சாப்பிடப் போகும் முன் நாங்கள் இப்படித்தான் பார்த்துக்கொள்வோம், சார்” என்றார். அந்தக் கையைப் பற்றி இப்பேச்சின் கடைசியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போது மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “ஐயா, இந்தச் சாயத்தை மனிதனுடைய இதயத்தில் செலுத்தி, அங்குள்ள கோளாற்றை இப்படிப் பார்க்க முடியாதா?” அவள் தந்தை இதயத் துடிப்புக் கோளாற்றினால் இரண்டு முறை மயங்கி விழுந்தவர் என்பதும், மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுக்கும் வேளையில் துடிப்பு ஒழுங்காகவே இருந்துவிடுகிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நானோ சிறிதும் தயங்காமல், “சாயம் என்றால் நஞ்சு அம்மா. இதயத்தில் அதைச் செலுத்தினால் ஆள் பிழைப்பானா?” என்று சொல்லிவிட்டேன். அவளும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொன்னது தவறு என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்து என் உடம்பே எனக்குக் காட்டியது. எனக்கு நீரிழிவு நோய் உண்டு. கண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் கசிகின்றனவா என்று பார்க்க, கண் மருத்துவமனை ஒன்றில் என் கைநரம்பில் மஞ்சள் நிற மருந்து ஒன்றைச் செலுத்தினார்கள். ஃபுளோரெசின் என்பது அதன் பெயர். 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் செய்த சாயம் அது. 1961-இல் நோவோட்னி, ஆல்விஸ் என்னும் இருவர் அதைக் கொண்டு கண்ணின் இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டனர். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னைச் சங்கர நேத்ராலயாவிலும், அவற்றைப் போன்ற பிற இடங்களிலும் இச்சோதனை அன்றாட வேலை. கையில் ஏற்றிய சாயம் பத்துப் பதினைந்து விநாடியில் கண்ணை எட்டுகிறது. எவ்வழியே எட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இதயத்தின் வலப்புறம் சென்று, நுரையீரலைச் சுற்றி, இடப்புறம் வந்து, அங்கிருந்துதான் கண்ணுக்குப் போக வேண்டும். வேறு பாதை இல்லை. நான் நாற்காலியில் அமர்ந்திருந்தபடியே என் மாணவிக்குச் சொன்ன விடையை நினைத்துக்கொண்டேன்.

அச்சாயம் முற்றிலும் தீங்கற்றதோ எனில், அப்படியும் அன்று. ஊசி போடுமுன் ஒரு தாளில் என் கையொப்பம் பெற்றனர். வரிக்கு வரி படித்த பிறகே இட்டேன். சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். தோல் சில மணி நேரம் மஞ்சளாகும். சிறுநீர் ஒரு நாளைக்கு ஆரஞ்சு நிறமாகும். அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டு மூச்சு முட்டும். அதற்கு மாற்று மருந்துகள் அடங்கிய தட்டு பக்கத்திலேயே இருக்கிறது. 1986-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறக்குறைய 2 லட்சத்து 22 ஆயிரம் சோதனைகளில் ஒன்றில் மரணம் நேரலாம் என்று கணித்தது. ‘அபாயமே இல்லை’ என்று அந்த மருத்துவமனையில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. எவ்வளவு அபாயம், அதற்கு ஈடாக எனக்குக் கிடைப்பது என்ன என்பதைச் சொன்னார்கள்.

ஆனால் மாணவியின் கேள்விக்கு இது முழு விடை ஆகாது. ஃபுளோரெசின் இரத்தத்தோடு இதயத்தைக் கடந்து போகிறதே தவிர, இதயத்தின் மின்னோட்டத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. துடிப்புக் கோளாறு என்பது மின்னோட்டக் கோளாறு. அதைக் காட்டக் கூடிய சாயம் வேறு இனத்தைச் சேர்ந்தது; அதனால் வரக்கூடிய தீங்கும் வேறு வகையானது.

இதயத் தசை கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. ஓய்ந்திருக்கும்போது சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 80, 90 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கிறது. துடிப்பு வரும்போது சோடியம் அயனிகள் உள்ளே பாய, அழுத்தம் ஒரு நொடிப்பொழுதில் நேர்மாறாகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஒரு மில்லிவோல்ட் என்பது வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே இது மிகச் சிறிய மின்னழுத்தம் என்று நினைப்பீர்கள். சவ்வின் தடிப்பையும் பாருங்கள்: ஏறக்குறைய 5 நானோமீட்டர். அவ்வளவு மெல்லிய இடைவெளியில் பத்தில் ஒரு வோல்ட் நிற்பதென்றால், சென்டிமீட்டருக்கு 2 லட்சம் வோல்ட் என்ற கணக்கு ஆகிறது. அத்தகைய வலிமை வாய்ந்த மின்புலத்தின் நடுவே ஒரு சாய மூலக்கூற்றைச் செருகி நிறுத்தினால், அது உமிழும் ஒளியின் நிறம் அம்மின்புலத்திற்கு ஏற்ப இம்மியளவு மாறும். நிறவடிகட்டி ஒன்றின் வழியாகப் பார்த்தால், நிறமாற்றம் ஒளி கூடுவதாகவோ குறைவதாகவோ தெரியும்.

1968-இல் டசாகி என்பவரும் அவர் குழுவினரும் நரம்புகளில் சாயமேற்றி, நரம்பு கிளர்ச்சியுறும்போது ஒளிர்வு மாறுவதைக் கண்டனர். 1976-இல் சலாமா, மொராட் என்னும் இருவர் மெரோசயனின் என்னும் சாயத்தைக் கொண்டு தவளையின் இதயத்தில் இதைச் செய்து காட்டினர். பின்னர் அமெரிக்காவில் லெஸ்லி லோ என்பவரின் ஆய்வுக்கூடத்தில் டை-4-அனெப்ஸ் என்னும் சாயம் பிறந்தது. இதயத்தின் மின்னோட்டத்தைப் படம் பிடிப்போர் உலகெங்கும் கையாளும் சாயம் இதுவே எனலாம். 100 மில்லிவோல்ட் மாற்றத்திற்கு அதன் ஒளிர்வு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து என்ற அளவில் மாறுகிறது.

இதனால் கிடைத்த பயன் சிறிதன்று. இ.சி.ஜி. உடம்பின் மேற்புறத்தில் சில இடங்களிலிருந்து கேட்கிறது. வீட்டுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்பது போன்றது அது. சாயமேற்றிய இதயத்தையோ, ஒளிப்படக் கருவி விநாடிக்கு நூற்றுக்கணக்கான படங்களாக, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பார்க்கிறது. மின்னலை எங்கே எழுந்தது, எங்கே தடைப்பட்டது, எங்கே வளைந்தது என்பதெல்லாம் தெரிகிறது. 1992-இல் ஹோசே ஜாலிஃபேயும் அவர் தோழர்களும் இதயத் தசையில் மின்னலை ஒன்று தன்னையே சுற்றிச் சுழல்வதை இம்முறையால் படம் பிடித்தனர். ஒழுங்கான துடிப்பில் அலை ஒரு முறை ஓடி மறையும். சுழல் அலையோ ஆற்றின் சுழி போல ஓயாது சுற்றும். அப்போது இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். சட்டென நேரும் மரணங்கள் பலவற்றின் பின்னே இருப்பது இந்த நடுக்கந்தான்.

இவ்வளவு நன்றாகக் காட்டும் சாயத்தை நோயாளியின் இதயத்தில் ஏன் செலுத்தக் கூடாது? உங்களில் சிலர் இந்நேரம் இதைக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்த செய்தியின் மையம் இதுதான். ஃபுளோரெசின் வழிப்போக்கன், வந்து போகிறது. டை-4-அனெப்ஸ் வீட்டுக்குள் குடியேறுகிறது. மின்னழுத்தத்தை உணர வேண்டுமானால் அது சவ்வுக்குள் புகுந்துதான் ஆக வேண்டும். சோடியம் அயனிகளும் பொட்டாசியம் அயனிகளும் போய்வரும் வாயில்கள் அமைந்திருப்பதும் அதே சவ்வில்தான். புதியவன் ஒருவன் அங்கே குடியேறினால் அந்த வாயில்களின் வேலை சிறிதேனும் மாறாதோ? 2012-இல் கினிப்பன்றியின் இதயங்களில் அளந்து பார்த்தபோது, இச்சாயம் மின்னலையின் வேகத்தையே குறைக்கிறது என்று தெரிந்தது. நோயைக் காட்ட வந்த சாயம் அலையின் வேகத்தைக் குறைத்தால், நாம் காண்பது நோயாளியின் இதயமா, சாயமேறிய இதயமா?

இதில் நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1860-களில் சென்னை அரசாங்கம் நீலகிரி மலையில் சின்கோனா மரங்களைப் பயிரிட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. கொயினாக் கரைசலின் மேல் வெயில் பட்டால் நீலமாக ஒளிர்வதை 1845-இல் ஹெர்ஷல் எழுதினார். அந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 1852-இல் விளக்கம் தந்தவர் ஸ்டோக்ஸ். ஒளிர்வு என்னும் இயல்பை உலகம் அறிந்துகொண்டதில் கொயினாவுக்குப் பங்குண்டு. அதே பட்டையில் கொயினாவின் உடன்பிறப்பாகிய கொயினிடின் என்னும் பொருளும் இருக்கிறது. அது இதயத்தின் சோடியம் வாயில்களைத் தடுக்கும். 1918-இல் ஃபிரை என்னும் மருத்துவர் துடிப்புக் கோளாற்றுக்கு அதை மருந்தாகக் கொடுத்தார். அளவு தவறினால் அம்மருந்தே புதிய துடிப்புக் கோளாற்றை உண்டாக்கும். கண்ணுக்கு இனிமையாக ஒளிர்வதால் ஒரு பொருள் சாது என்று எண்ணிவிடக் கூடாது. நான் மாணவியிடம் சொன்னதுபோல எல்லாச் சாயமும் நஞ்சு என்பதும் தவறு. பொருளைத் தனித்தனியே எடுத்து, அளவோடு சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது தீங்கு ஒளியினால் வருவது. இதைக் கண்ட கதை சுவையானது. 1900-ஆம் ஆண்டையொட்டி மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர், அக்ரிடின் என்னும் சாயம் பரமேசியம் என்ற நுண்ணுயிர்களை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே அளவுச் சாயம், ஒரே வகை உயிர். ஆயினும் ஒரு நாள் விரைவில் செத்தன, மற்றொரு நாள் நெடுநேரம் பிழைத்திருந்தன. பிழைத்த நாள், இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்த நாள்! சாயம் தனியே கொல்லவில்லை; சாயமும் வெளிச்சமும் சேர்ந்தபோதே கொன்றன. ஒளியை ஏற்றுக் கிளர்ந்த மூலக்கூறு, தன் ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. அவ்வாறு வெறியேறிய ஆக்சிஜன் சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கிறது. 1912-இல் மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இத்தகைய பொருள் ஒன்றைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கிப்போய், மாதக்கணக்கில் துன்பப்பட்டார். அதுவும் ஐரோப்பிய வெயிலில். நம் பங்குனி வெயிலாக இருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்குமோ!

டை-4-அனெப்ஸ் ஏற்றிய இதய உயிரணுக்களும் வலிய ஒளியில் இவ்வாறே சேதமுறுகின்றன என்பது 1994-இல் வெளிவந்த ஆய்வு. ஆகவே ஆய்வாளர் விளக்கைச் சில விநாடிகள் மட்டும் ஏற்றி, உடனே அணைத்துவிடுகின்றனர். ஒளியைக் குறைத்தால் சேதம் குறையும். ஆனால் படமும் மங்கும். இதற்கிடையேதான் அவர்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது இடையூறு, துடிக்கும் இதயம் அசைவதே. அசையும் பொருளில் நூற்றுக்குப் பத்து ஒளி மாற்றத்தை எப்படி அளப்பது? தசை சுருங்காதிருக்க பிளெப்பிஸ்டாட்டின் போன்ற மருந்துகளைக் கொடுத்து, மின்னலை மட்டும் ஓட, இதயத்தை அசையாமல் நிறுத்துகின்றனர். உயிருள்ள மனிதனுக்கு இப்படிச் செய்வதை நினைக்கவும் முடியாது. எனவே இப்படங்கள் எல்லாம் உடம்புக்கு வெளியே எடுக்கப்பட்டவை. 1895-இல் லாங்கெண்டார்ஃப் என்பவர் காட்டிய வழியில், பெருந்தமனி வழியாக ஊட்டநீர் செலுத்தி உயிரோடு வைத்த விலங்கு இதயங்களில் எடுக்கின்றனர். மாற்று இதயம் பொருத்தும்போது நோயாளியிடமிருந்து அகற்றப்பட்ட பழைய இதயத்திலும் எடுத்திருக்கின்றனர். அங்கே சாயம் யாரையும் கொல்லாது. ஆனால் அலையின் வேகத்தை அது மாற்றினால், அதை நம்பி எழுதும் மருத்துவ நூல் தவறாகும். இதுவும் ஒரு வகைத் தீங்கே என்பது என் கருத்து.

உயிருள்ள மனிதருக்கு நம்பிக்கை தருவது எது? இண்டோசயனின் கிரீன் என்னும் பச்சைச் சாயம் ஒன்று உண்டு. 1959-இல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்கு ஒப்புதல் அளித்தது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவையும் கல்லீரலின் வேலையையும் அறிய அதைப் பயன்படுத்தினர். இன்று கண்ணிலும் அறுவைச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, சில நிமிடங்களில் கல்லீரல் வழியே பித்தத்தில் வெளியேறிவிடுகிறது. அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அம்மருந்தில் அயோடின் உப்பு சிறிது இருப்பதால், அயோடின் ஒவ்வாதவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். அது ஏற்கும் ஒளி ஏறக்குறைய 800 நானோமீட்டர், அகச்சிவப்பு. கைவிளக்கை உள்ளங்கையால் மூடினால் சிவப்பு மட்டும் ஊடுருவி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் அப்பாற்பட்ட இவ்வொளி இரத்தத்தையும் தசையையும் எளிதாகக் கடக்கும். இந்தப் பழைய சாயம் மின்னழுத்தத்தையும் ஓரளவு உணர்கிறது என்று 2014, 2016-ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் கண்டனர். இதயத்திலும் அது புலப்பட்டது. அறுபது ஆண்டுகளாக மருத்துவர் கையில் இருந்த பொருளில் இப்படி ஒரு குணம் ஒளிந்திருந்ததை யார் நினைத்தார்கள்?

ஆயினும் அவசரப்பட வேண்டாம். டை-4-அனெப்ஸ் உரத்துப் பேசுகிறது, இது முணுமுணுக்கிறது. ஒளிமாற்றம் மிகச் சிறிது. இரத்தவோட்டத்தைக் காட்டுவதற்குப் பெற்ற ஒப்புதல், சவ்வில் நிறுத்தி நெடுநேரம் ஒளி பாய்ச்சுவதற்குப் பொருந்தாது. பயன் மாறினால் சோதனையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே 350 ஏக்கரில் ஒரு பூங்கா அமைக்கும் திட்டம் உண்டு. 2021-இல் மத்திய அரசு இத்தகைய பூங்காவுக்குத் தெரிவு செய்த நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சிறு தொழிலதிபரும் அணுகத்தக்க பொதுச் சோதனை வசதிகளை ஓரிடத்தில் தருவதே அதன் நோக்கம். நான் சொன்ன ஒளிப்படக் கருவியும் விளக்கும் அத்தகைய இடத்தில் உருவாகத் தக்கவையே. கருவி 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் வரும். உடம்புக்குள் செல்லும் சாயமோ மருந்து என்னும் இனத்தைச் சேரும். புதிய மருந்தாயின் 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் விலங்குச் சோதனை, மனிதச் சோதனை எல்லாவற்றையும் அது தாண்ட வேண்டும். கருவி செய்யும் இளைஞர்கள் பலருக்கு இவ்விரண்டின் வேறுபாடு தெரிவதில்லை.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் பழைய விடை தவறு என்று அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, இதுகாறும் சொன்னவற்றையெல்லாம் விளக்கியிருந்தேன். அவள் தந்தை நலமாக இருக்கிறாராம். தோலின் கீழ் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, மாதக்கணக்கில் துடிப்பைப் பதிவு செய்து, கோளாறு இன்னதென்று மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். கடிதத்தின் முடிவில் கேட்டிருந்தாள்: “ஐயா, அன்று ஆலையில் அந்த அண்ணன் கழுவிய கையை விளக்கின் கீழ் நீட்டினாரே, நினைவிருக்கிறதா? இதயத்தில் ஏற்றிய சாயம் முழுதும் போய்விட்டது என்று எதைக் கொண்டு காட்டுவார்கள்?”

நான் எழுதிய பதில் இது: இரத்தத்தில் மிஞ்சியதை இரத்தத்தை எடுத்து அளக்கலாம். சவ்வில் ஒட்டிக்கொண்டதை அப்படி அளக்க இயலாது. சாயம் கொடுத்த விலங்குகளின் இதயத்தையும், அதோடு கல்லீரல், சிறுநீரகம், தோல், கண் ஆகியவற்றையும் ஒரு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் எடுத்து, அரைத்து, கரைத்து, அதே ஒளியின் கீழ் வைத்து எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும். நகக்கண்ணில் தெரிந்ததுபோல ஏதேனும் தெரிந்தால், அதை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும்.